துரோணரும் மைதானமும்: பயிற்றுநர் – வீரர் உறவின் சமுதாய அடிப்படை

1

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் புகையிரதப் பாதையில் அமைந்துள்ள செட்டிகுளம், குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஒரு விவசாயப் பிரதேசமாகும். தை, மாசி மாதங்களில் அங்குள்ள பாடசாலை மைதானங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான பயிற்சி மும்முரமாக நடைபெறும். அத்தகைய பயிற்சியொன்றை ஒரு மாலைப்பொழுதில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. வெறுங்காலுடன் ஓடிய சிறுமியொருத்தி இறுதி வளைவிலே தளர்ந்தபோது, பயிற்சியளித்த ஆசிரியர் உரத்த குரலில் ஏசினார். எமக்கருகில் நின்ற அவளுடைய தாயார் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. “சேர் ஏசினாத்தான் பிள்ளை முன்னுக்கு வரும்” என்றார்.

அத்தாயின் கூற்றை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அது ஆய்வாகாது. “முன்னுக்கு வருதல்” என்பதன் பொருள் அப்பிரதேசத்தில் மிகத் திட்டவட்டமானது. 2009ஆம் ஆண்டு யுத்தத்தின் இறுதியில் இடம்பெயர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைத்துவைக்கப்பட்ட மெனிக்பாம் முகாம் செட்டிகுளப் பிரதேசத்திலேயே அமைந்திருந்தது. 2012 செப்டெம்பரிலேயே அது மூடப்பட்டது. காணியையும் தொழிலையும் உறவினரையும் இழந்த குடும்பங்கள் பல வாழும் வன்னிப் பெருநிலத்தில், பிள்ளையின் கல்வியும் அதன் உடலுமே எஞ்சிய முதலாகக் கருதப்படுகின்றன. விளையாட்டிலே தேசியமட்டத் தகைமை பெற்ற மாணவருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. தொழில் வாய்ப்புக்கும் சான்றிதழ் உதவக்கூடும். எனவே அத்தாய் ஏச்சுக்கு இசைவது தன் பிள்ளையின் எதிர்காலத்திற்காகவே. அந்த இசைவு எவ்வகைச் சமுதாய உறவிலே பிறக்கிறது, அதன் எல்லை எது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

கண்டிப்பான பயிற்சி என்பதன் உச்சநிலையை அண்மைக்கால உலகம் கண்டது பனித்தளச் சறுக்கு நடனத்திலாகும். வன்னிக்கும் பனித்தளத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். பொருளாதார உறவுகள் தம்மை மிகத் தெளிவாக வெளிக்காட்டுவது அவை முற்றி வளர்ந்த இடங்களிலேதான் என்பதனாலேயே அதனை முதலில் நோக்குகின்றோம்.

2022 பெப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கிலே பதினைந்து வயதுடைய ருஷ்யச் சிறுமி கமிலா வலியேவா, மகளிர் சறுக்கு நடனத்தில் நான்குமுறை சுழலும் பாய்ச்சலை ஒலிம்பிக் அரங்கில் நிறைவேற்றிய முதற்பெண் ஆனார். ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவிலே தனிநபர் போட்டியில் அவர் பலமுறை விழுந்து நான்காம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். தளத்தைவிட்டு அழுதுகொண்டு வெளியேறிய சிறுமியிடம், ஏன் போராட்டத்தைக் கைவிட்டாய் என்று பயிற்றுநர் எத்தேரி துத்பெரீட்சே கேட்டதை உலகெங்குமுள்ளோர் தொலைக்காட்சியிற் கண்டனர். அதே அணியைச் சேர்ந்த அன்னா ஷெர்பக்கோவா தங்கம் வென்று தனித்து நின்றார். ஐந்து நான்குமுறைப் பாய்ச்சல்களை நிகழ்த்தி வெள்ளி வென்ற அலெக்சாந்திரா துருசோவா, இவ்விளையாட்டையே தாம் வெறுப்பதாகக் கூறி அழுதார். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அன்றைய தலைவர் தோமஸ் பாக், பயிற்றுநர் காட்டிய குளிர்ந்த மனப்போக்குத் தம்மைக் கலங்கச் செய்ததாகக் கூறினார்.

ஒரு பயிற்றுநரின் குணக்கேடாக இதனைக் காண்போர் இரண்டு உண்மைகளை மறந்துவிடுகின்றனர். முதலாவது, சர்வதேசச் சறுக்கல் சங்கம் 2020ஆம் ஆண்டிலே சிறந்த பயிற்றுநர் விருதை இதே துத்பெரீட்சேக்கு வழங்கியிருந்தது. இரண்டாவது, அக்கண்டிப்புக்குப் பௌதிக அடிப்படையொன்று உண்டு. ஒரு வினாடிக்கும் குறைந்த நேரம் வானில் நின்று நான்கு முறை சுழல வேண்டுமாயின் உடல் மெலிந்தும் ஒடுங்கியும் இருத்தல் வேண்டும். பருவமெய்தலோடு இடையும் எடையும் மாற, சுழற்சி வேகம் குறைகிறது. புள்ளிமுறையோ அப்பாய்ச்சலுக்கே மிகுந்த புள்ளி தருகிறது. ஆகவே சிறுமியின் உடல் வளர்வதற்குமுன் அதனிடமிருந்து பதக்கத்தைப் பெற்றுவிட வேண்டும் என்ற அவசரம் போட்டி விதியினுள்ளேயே பொதிந்துள்ளது. உணவுக் கட்டுப்பாடும் ஓய்வற்ற பயிற்சியும் காயத்தை மறைத்தலும் அந்த அவசரத்திலிருந்தே பிறக்கின்றன. 2014ஆம் ஆண்டு சோச்சியில் பதினைந்து வயதில் அணிப் போட்டித் தங்கம் வென்ற யூலியா லிப்னித்ஸ்காயா, உணவு மறுப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்று, 2017இல் பத்தொன்பது வயதிலேயே விளையாட்டைவிட்டு விலகினார்.

2022 ஜூனில் அச்சங்கம் மூத்தோர் போட்டிக்குரிய குறைந்தபட்ச வயதைப் பதினைந்திலிருந்து படிப்படியாகப் பதினேழாக உயர்த்த முடிவுசெய்தது. பயிற்றுநரின் மனம் திருந்தும்வரை காத்திராது, விதி மாற்றப்பட்டது என்பது மனங்கொளத்தக்கது. ஆயினும், 2024 ஜனவரி 29இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் வழங்கிய நான்காண்டுத் தடை, சம்பவம் நிகழ்ந்தபோது பதினைந்து வயதினளாயிருந்த வலியேவாவின் பெயரிலேயே அமைந்தது. உழைப்பின் பயன் நாட்டுக்கும் சங்கத்துக்கும் பயிற்றுநருக்கும் பகிரப்பட்டது. தண்டனை மட்டும் உடலுக்குரியவளைச் சேர்ந்தது.

3

கண்டிப்பு முழுவதும் தீமை என்பது எமது கருத்தன்று. எக்கலையும் ஒழுங்கின்றிக் கைவராது. இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிந்துகொள்ளுதல் அவசியம். 1867இல் வெளிவந்த மூலதனம் முதற்பாகத்தில், கூட்டுழைப்பைப் பற்றிய அத்தியாயத்தில், மார்க்ஸ் இதற்குரிய திறவுகோலைத் தருகின்றார். தனியே வயலின் வாசிப்பவர் தம்மைத் தாமே நெறிப்படுத்துகிறார்; வாத்தியக் குழுவுக்கோ நெறியாளர் ஒருவர் தேவை. இந்த நெறிப்படுத்தல் வேலையின் இயல்பிலிருந்து எழுவது. ஆனால் முதலாளியின் மேற்பார்வையில் வேறொரு கூறும் கலந்துள்ளது. பிறர் உழைப்பைச் சுரண்டுவதற்கு அவர்களது எதிர்ப்பை அடக்கவேண்டியிருப்பதால் எழும் அதிகாரம் அது. இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றுகலந்து நிற்பதால், அதிகாரமே வேலையின் இயல்பு என்ற மயக்கம் உண்டாகிறது.

மைதானத்துக்கும் இது பொருந்தும். அதிகாலையில் எழு, காலடியை இப்படி வை, மூச்சை இவ்விடத்தில் விடு என்று கூறுவது கலையின் ஒழுங்கு. நோவைச் சொல்லாதே, காரணம் கேட்காதே, என்னைவிட்டு இன்னொருவரிடம் போகாதே என்று கூறுவது உடைமையின் ஒழுங்கு. முதலாவது மாணவனின் ஆற்றல் வளர வளரக் குறைந்து, ஈற்றில் அவனைத் தானே நடக்கச் செய்கிறது. இரண்டாவது அவன் வளர வளர இறுகுகிறது. ஏனெனில் வளர்ந்த வீரனின் விலை அதிகம்.

4

நமது பண்பாட்டில் இம்மயக்கத்துக்குக் காவியத் தகுதி அளித்தவர் துரோணர். இந்திய அரசு 1961இல் வீரர்க்கான விருதுக்கு அருச்சுனனின் பெயரையும், 1985இல் பயிற்றுநர்க்கான விருதுக்குத் துரோணரின் பெயரையும் சூட்டியது. ஒடிசா மாநிலத்திலே ஏகலைவன் பெயராலும் விருது உண்டு. மூவரும் விருதாகிவிட்டனர், வெட்டப்பட்ட கட்டைவிரல் மட்டும் மறக்கப்பட்டது.

வியாச பாரதத்தின் ஆதிபருவக் கதையைச் சமுதாய நோக்கில் வாசிப்போர் துரோணரைக் கொடியவராக மட்டும் காணார். தம் மகனுக்குப் பால் கொடுக்க இயலாமல் மாவு கரைத்த நீரைப் பாலென்று உண்ட அவலத்தை அனுபவித்த வறிய பிராமணர் அவர். பழைய நண்பனாகிய துருபதனால் அவமதிக்கப்பட்டுக் குருகுல அரண்மனையை அண்டிப் பிழைக்க வந்தவர். அரசகுமாரர்களின் முதன்மையைக் காப்பதே அவருடைய உத்தியோகம். வேட மகனை மாணவனாக ஏற்க மறுத்ததும், மண் பிரதிமையை முன்னிறுத்தித் தானே கற்றவனிடம் கட்டைவிரலைத் தட்சணையாகக் கேட்டதும் அவ்வுத்தியோகத்தின் கடமைகள். கற்பிக்காத வித்தைக்கும் தட்சணை பெறலாம் என்ற உரிமையை அவருக்கு வழங்கியது சமூகப் படிநிலையாகும். பயிற்றுநரும் ஒரு சம்பளக்காரரே. அவருடைய கண்டிப்புக்குப் பின்னால் அவருடைய அச்சமும் உண்டு.

5

அவ்விருதை 1985இல் முதன்முதலாகப் பெற்றவர்களுள் ஒருவர் ஓ. எம். நம்பியார். அவருடைய மாணவி பி. டி. உஷாவின் வரலாறு, கண்டிப்புக்கு ஆதரவாக எடுத்துக்காட்டப்படும் சான்றாகும். 1976இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவொன்றைத் தொடங்கியது. பையோலிக்கு அருகிலுள்ள வறிய குடும்பத்துச் சிறுமி உஷா மாதம் 250 ரூபா உதவிப்பணத்துடன் அதிற் சேர்ந்தார். விமானப்படையிலிருந்து வந்த நம்பியார் அவரை இனங்கண்டு, பையோலிக் கடற்கரை மணலிலே ஓடவைத்துப் பயிற்றினார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின் 400 மீற்றர் தடைதாண்டலில் உஷா வினாடியின் நூறில் ஒரு பங்கினால் வெண்கலத்தை இழந்தார். 1986இல் சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வென்றார்.

இவ்வெற்றியில் நம்பியாரின் பங்கை மறுப்பதற்கில்லை. ஆயின் அப்பயிற்சிக்கு முன்நிபந்தனையாக அமைந்தவை பொதுப்பணத்தில் நடந்த பாடசாலையும் உதவிப்பணமும் என்பதைப் புகழ்வோர் மறந்துவிடுகின்றனர். ஏச்சு எல்லா நாட்டிலும் இருந்தது. உதவிப்பணம் எல்லா நாட்டிலும் இருக்கவில்லை.

கண்டிப்பின் கருத்தியல் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது. 2022 டிசெம்பரில் உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார். 2023இல் மல்யுத்த வீராங்கனைகள், தமது கூட்டமைப்பின் தலைவர்மீது பாலியல் தொல்லைக் குற்றஞ்சாட்டி டெல்லி ஜந்தர் மந்தரில் வீதியில் அமர்ந்தபோது, அது ஒழுங்கீனமென உஷா கருத்துரைத்தார். சில நாட்களின் பின் அவர்களை நேரிற் சென்று கண்டார். ஒழுங்கென்ற சொல் மைதானத்தில் ஓட்டத்தைக் குறிக்கத் தொடங்கி, முடிவில் முறைப்பாடு செய்யாமையைக் குறிக்க நேர்ந்தமையை இங்கு காண்கின்றோம்.

தமிழ்நாட்டின் சாந்தி சௌந்தரராஜன் மறுபக்கத்தைக் காட்டுகின்றார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்த அத்தலித் பெண், 2006 டிசெம்பரில் தோகா ஆசிய விளையாட்டின் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணங்காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. வென்றபோது தேசத்தின் உடலாயிருந்தது, தோற்கடிக்கப்பட்டபோது மீண்டும் வர்க்கத்தின் உடலாயிற்று. அவர் பின்னொரு காலம் செங்கற்சூளையிலே கூலிவேலை செய்தார். பின்னர் பயிற்றுநர் தகைமை பெற்று, சிறுவர்களைப் பயிற்றுவிப்பவரானார்.

6

ஆசிரியரை வினவுதல் நம் மரபுக்கு அந்நியமானது என்பாரும் உளர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தியார் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் அதற்கு மறுமொழி கூறுகிறது. மாணாக்கரைத் தரம்பிரிக்கும் அந்நூல், ஆசிரியராதற்குத் தகாதாரையும் உவமைகாட்டி இனம்பிரிக்கிறது. அவ்வுவமைகளுள் ஒன்று மடற்பனை: தானாக விழும் பழத்தைத் தருமேயன்றித் தன்னை அணுகி ஏறிப் பறிக்க எவரையும் விடாத கருக்கு மட்டைப் பனை. பனையோடு வாழும் நம்மவருக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆசிரியனும் எடைபோடப்படத் தக்கவன் என்பது நம் இலக்கணகாரருக்குத் தெரிந்திருந்தது.

கூத்துக்களரி இன்னோர் எடுத்துக்காட்டு. அண்ணாவியாரின் கண்டிப்பு ஊரறிந்தது. ஆயினும் மட்டக்களப்பு மரபிலே சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்னும் படிகள் அனைத்தும் ஊரின் கண்முன் நிகழ்ந்தன. அதிகாரம் தனியறைக்குள் புகவில்லை. இதனைப் பொற்காலமாக்குதல் தவறு: சாதி எல்லை அங்குமிருந்தது, பெண்பாத்திரத்தையும் ஆண்களே ஆடினர். நாம் பெற்றுக்கொள்ளவேண்டியது, கற்பித்தல் பலர்முன் நிகழவேண்டும் என்ற நடைமுறையையே.

7

செட்டிகுளத்துக்குத் திரும்புவோம். உடற்றண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றுநிருபம் நடைமுறையில் உண்டு. அது பாடசாலை மைதானத்துக்கும் உரியதே. ஆனால் சுற்றுநிருபம் மட்டும் உறவை மாற்றாது. பயிற்சி பலர்முன் நடைபெறல் வேண்டும். மாணவி காரணம் கேட்கலாம் என்பது விதியாதல் வேண்டும். காயமுற்றவள் ஓடலாமா என்பதைப் பதக்கத்தை எதிர்பாராத ஒருவர் தீர்மானித்தல் வேண்டும். ஓடுமுன் அவள் உண்டாளா என்பது முதற்கேள்வியாதல் வேண்டும். முறைப்பாடு கேட்பதற்குப் பயிற்றுநரல்லாத ஒருவர் இருத்தல் வேண்டும். இவற்றோடு, ஆசிரியரின் மதிப்பைப் பதக்க எண்ணிக்கையால் அளக்கும் வழக்கமும் ஒழிதல் வேண்டும். இன்றேல் துரோணரின் அச்சம் அவரையும் விடாது.

அன்று மாலை பயிற்சி முடிந்தபின் அவ்வாசிரியர் அச்சிறுமியை அழைத்து, மண்ணிலே குச்சியால் வளைவொன்றை வரைந்து, எவ்விடத்தில் அவள் வேகம் குறைந்தது, எதனால் குறைந்தது என்று விளக்கினார். அவள் ஏதோ கேட்டாள். அவர் மறுபடியும் வரைந்தார். அடுத்த ஓட்டத்தில் அவ்வளைவை அவள் தளராது கடந்தாள். ஏச்சுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை அத்தாயும் கண்டிருப்பார். பிள்ளையை முன்னுக்குக் கொண்டுவந்தது எது என்று அவரிடம் நாம் மீண்டும் கேட்கவில்லை. அக்கேள்வியை அம்மைதானங்களிலே கேட்பதற்குரிய சூழலை உருவாக்குவதே முற்போக்காளரின் பணியாகும்.