வாய்ப் புற்றுநோயும் பல் மருத்துவரும்

கண்ணுக்கு எட்டிய வியாதி

புற்றுநோய் தோன்றக்கூடிய அவயவங்களுள் பெரும்பாலானவை கதிர்ப்படமோ குழாயோ இன்றி எட்டிப் பார்க்க இயலாத மறைவிடங்களில் அமைந்திருக்க, வாயோ, சிறு கண்ணாடியும் விளக்கும் கையிலுள்ள மருத்துவருக்குத் தன் உட்புறம் முழுவதையும் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. அப்படியிருந்தும், இந்தியாவில் ஆண்டுதோறும் புதிதாக வாய்ப் புற்றுநோய்க்கு ஆளாகும் ஏறத்தாழ 1,40,000 பேருள் மிகுதியானவர்கள், கட்டி முற்றிக் கழுத்தில் நெறி கட்டிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேருகிறார்கள். இந்த விசித்திரத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தொடக்கத்தில் இவ்வியாதி வலிப்பதில்லை. பல் வலித்தால் நள்ளிரவிலும் வைத்தியரைத் தேடுகிற நாம், கன்னத்தின் உட்புறத்தில் நோவில்லாமல் படர்ந்திருக்கும் ஒரு வெண்படலத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டுப் போவோமா?

நெய்யூரிலிருந்து வந்த செய்தி

வெற்றிலைப் பழக்கத்துக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள சம்பந்தத்தை உலக மருத்துவர்கள் அறியச் செய்த தொடக்ககாலக் கட்டுரைகளுள் ஒன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைத் தன்னகத்தே கொண்டிருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்திலிருந்து எழுந்தது என்பதை நம்மவருள் பலர் அறியார். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியோடு தொடர்புடைய ‘ஓர்’ (Orr) என்னும் வைத்தியர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரிடம் தாம் கண்ட வாய்ப் புற்றைக் குறித்து 1933-இல் லண்டனின் ‘லான்செட்’ பத்திரிகையில் எழுதினார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை அடைய முயன்ற குழுக்களில் சென்ற சோமர்வெல், அதே நெய்யூரில் அறுவை வைத்தியராக அமர்ந்து, பின்னாளில் அந்தப் பிரதேசத்துப் புற்றுநோய்களைப் பற்றி விரிவாக எழுதியதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

புகையிலை சேராத வெறும் வெற்றிலை பாக்கு தீங்கற்றது என்றிருந்த நம்பிக்கைக்கும் இப்போது இடமில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வெளியிட்ட நூலில், பாக்கு தனித்தே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று சேர்க்கப்பட்டிருக்கிறது. பொட்டலத்தில் அடைத்த இனிப்புப் பாக்கைப் பிள்ளைகள் கையில் கொடுப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

வாய்க்குள் பல் மருத்துவர் எதைத் தேடுகிறார்

பரிசோதனை மிக எளியது. உதடுகளைப் புரட்டிப் பார்ப்பதும், கன்னங்களை விலக்கித் தாம்பூலத்தை ஒதுக்கிவைக்கும் அந்தப் பள்ளத்தைக் கவனிப்பதும், நாக்கின் நுனியைத் துணியால் பற்றி இழுத்து அதன் இரு ஓரங்களையும் அடிப்பாகத்தையும் நோக்குவதும், வாயின் தரையை உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலும் வைத்துத் தடவிக் கடினம் ஏதும் தட்டுப்படுகிறதா என்று அறிவதும், அண்ணத்தையும் தொண்டையின் வாயிலையும் பார்ப்பதும், இறுதியில் தாடைக்குக் கீழும் கழுத்திலும் நெறிகட்டிகளைத் தேடுவதுமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை.

அவர் தேடுவதெல்லாம் புற்றையே அன்று. அதற்கு முன்னறிவிப்பாக வரும் மாறுதல்களையும்தான். சுரண்டினாலும் நீங்காத வெண்படலம் ஒன்று. வெல்வெட்டைப் போன்ற செம்படலம் மற்றொன்று. இரண்டாவது அரிதாகத்தான் காணப்படும். ஆயினும் அபாயம் அதற்கே அதிகம். மூன்றாவது, பாக்கு மெல்லுவோருக்கு வரும் வாய் இறுக்கம். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னத்தின் உட்சதை வெளிறி நார்போல் விறைக்கும். நாளடைவில் மூன்று விரல்களை நிமிர்த்தி நுழைக்க முடியாத அளவுக்கு வாய் சுருங்கும். “வயதாகிறது, வாய் திறக்கவில்லை” என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் முப்பது வயதுக்காரர்களும் உண்டு!

கூரிய உடைந்த பல்லோ பொருந்தாத செயற்கைப் பல்செட்டோ உறுத்தி வந்த புண்ணாக இருந்தால், காரணத்தை நீக்கிய இரண்டு வாரங்களுக்குள் அது ஆற வேண்டும். ஆறாத புண்ணுக்குக் களிம்பு மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்குவதே.

திருவனந்தபுரம் கண்ட உண்மை

இப்படிப் பார்ப்பதால் மரணம் உண்மையில் குறைகிறதா என்ற நியாயமான வினாவுக்கு விடை கண்ட இடமும் அதே பழைய திருவிதாங்கூர்ச் சீமைதான். 1996-இல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 ஊராட்சிப் பகுதிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் 35 வயதைக் கடந்தவர்களின் வாயை, மருத்துவம் பயிலாத, ஆனால் இதற்கெனப் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று பார்த்து வந்தனர். பதினைந்து ஆண்டுக் கணக்கை எடுத்தபோது, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணங்கள் மற்றப் பிரிவைவிட நூற்றுக்கு 24 குறைந்திருந்தன. நடந்த நான்கு சுற்றுப் பரிசோதனைகளிலும் தவறாமல் வாயைக் காட்டிய பழக்கமுடையோரிடம் அக்குறைவு நூற்றுக்கு 81. தவறாமல் காட்டுகிறவர்கள் இயல்பிலேயே ஜாக்கிரதையானவர்களாக இருக்கலாம் என்பதால் இந்த இரண்டாவது எண்ணைச் சற்று நிதானத்தோடு வாசிக்க வேண்டும்; எனினும் ஒருமுறை காட்டிவிட்டு மறந்துபோவதற்கும் காலந்தோறும் காட்டுவதற்கும் பேதம் உண்டென்பதை அது உணர்த்துகிறது. சந்தேகத்துக்குரியவர்கள் என்று மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் கணிசமானோர் போகவே இல்லை என்பதும் அந்த ஆய்விலேயே பதிவான செய்தி.

பழக்கம் ஏதுமில்லாதவர்களுக்கு இந்தப் பலன் அதே அளவில் நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்காவின் நிபுணர் குழு 2013-இல் அறிகுறியற்ற பொதுமக்கள் யாவரையும் சோதிக்கப் போதிய சான்று இல்லை என்றே சொல்லிற்று. ஆயினும் பாக்கும் புகையிலையும் இவ்வளவு பரவலாகக் கிடக்கும் நம் நாட்டின் நிலை வேறு. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்பது இந்திய அரசின் திட்டத்திலேயே உள்ளது. மெல்லுகிறவரும் புகைக்கிறவரும் குடிக்கிறவரும் ஐந்தாண்டு காத்திராமல், பல் சுத்தம் செய்யப் போகும் ஒவ்வொரு முறையும், “டாக்டர், வாய் முழுவதையும் பாருங்கள்” என்று கேட்டுவிடுவது உத்தமம். சொத்தைப் பல்லையே நோக்கமாகக் கொண்டு வந்தவரிடம் சில மருத்துவர்களும் அந்த ஒரு பல்லையே பார்த்து அனுப்பிவிடுவதுண்டு. கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

சதைப் பரிசோதனை பற்றிய அச்சம்

சந்தேகத்துக்குரிய இடம் ஒன்று தென்பட்டால், மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டுச் சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதொன்றே முடிவான வழி. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற வதந்தியால் இந்தக் கட்டத்தில் நின்றுவிடுபவர்கள் ஏராளம்; வாய்ப் புண்ணில் இவ்வாறு சதை எடுப்பதால் நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை; தாமதத்தாலோ அது வளரும் என்பது நிச்சயம். எடுத்த சதை பெரும்பாலும் புற்றாக இராது. வெண்படலம் என்று மட்டும் வந்தால், பாக்கையும் புகையிலையையும் நிறுத்தச் சொல்லி, அடுத்து எப்போது வர வேண்டும் என்று தேதி குறித்துக் கொடுப்பார்கள். தொடக்கநிலைப் புற்று என்று வந்தாலும் பல சமயம் அறுவை ஒன்றோடு சிகிச்சை முடிந்துபோக, முற்றிய நிலையில் தாடையின் ஒரு பகுதியை எடுப்பதும், கழுத்தின் நெறிகளை நீக்குவதும், ஜனங்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சும் சேர்ந்து, பேச்சும் ஆகாரமும் முன்போல் திரும்பாத நிலை உண்டாகிறது. மருத்துவர் குறித்துக் கொடுத்த அந்தத் தேதியில், புண் ஆறிவிட்டதாகத் தோன்றினாலும், அறிக்கைத் தாளோடு போய் மறுபடி வாயைக் காட்டிவிட வேண்டும்.