எல்போ மூலையில் தங்கும் கம்பு

பாரூர் ஏரிப் பாசனத்தில் பறவைக்கென்று யாரும் தனியாகத் தீனி வைப்பதில்லை. நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் வந்து, நட்ட நெல் கதிர் பிடித்துவிட்டால் சில்லையும் கிளியும் அழைக்காமலே வந்து இறங்கும். விரட்டுவதுதான் வேலை. தீனிக்குழாய் தொங்குவதெல்லாம் போச்சம்பள்ளி சிப்காட்டையும் ஓசூரையும் சுற்றி எழுந்த குடியிருப்புகளின் மொட்டைமாடிகளில்தான்.

பிவிசி குழாய் ஒன்று, அடியில் ஒரு எல்போ, மேலே மூடி. கம்போ தினையோ கொட்டி வைத்தால், பறவை கொத்தக் கொத்த மேலிருந்து சரிந்து இறங்கும். ஒரு வாரத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. கோளாறும் அங்கேதான். எல்போ வளைவில் கொஞ்சம் தானியம் நகராமல் தங்கிவிடும். சாரலில் நனைந்து கட்டிதட்டிப் பூசணம் பிடிக்கும். அஸ்பெர்ஜில்லஸ் பூசணங்களில் சில, கல்லீரலை அழிக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குபவை. 1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்ட பிறகே அந்த நஞ்சு பிடிபட்டது. தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இது பாலபாடம். மாடியில் குழாய் கட்டுகிறவருக்கு யார் சொல்கிறார்கள்?

பூசணத்தைக்கூடக் கழுவிவிடலாம். குழாயடியில் ஒன்றுகூடும் பறவைக் கூட்டத்தை என்ன செய்வது? ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒருசெல் உயிரி புறாக்களின் தொண்டையிலும் தீனிப்பையிலும் குடியிருக்கும். நோய் முற்றித் தொண்டை அடைத்துக்கொண்ட பறவை, கொத்திய தானியத்தை விழுங்க முடியாமல் எச்சிலோடு கக்கும். உலர்ந்த தானியத்தில் இந்தக் கிருமி நெடுநேரம் தாங்காது. ஆனால் அது உலர்வதற்குள் அடுத்த குருவி கொத்திவிடுகிறது. அறுத்த வயலில் பரவி மேயும் பறவைகளுக்கு இந்த ஆபத்து குறைவு.

பிரிட்டனில் கிரீன்ஃபின்ச் என்ற சிறு பறவையிடம் இந்நோய் 2005-இல் தலைகாட்டியது. 43 லட்சமாக இருந்த பறவைகள் சில ஆண்டுகளில் 28 லட்சமாகச் சரிந்தன. 2021-இல் அது அந்நாட்டுப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. தீனிப்பொருள் விற்று வருமானம் பார்க்கும் அங்குள்ள பறவைப் பாதுகாப்புச் சங்கமான ஆர்எஸ்பிபியே 2025-இல் தட்டையான தீனித்தட்டுகளின் விற்பனையை நிறுத்திவைத்தது.

சரி, சிட்டுக்குருவியாவது பெருகுமா? பொரித்த புதிதில் குருவிக்குஞ்சுக்கு வேண்டியது புழுவும் பூச்சியும்தான். மருந்தடித்துப் பூச்சி ஒழிந்த தெருவில் எத்தனை கிலோ கம்பு தொங்கினாலும் குஞ்சு தேறாது. ஆதாயம் மாடப்புறாவுக்கு. அது சொந்தத் தீனிப்பையில் பால்போல் சுரப்பதை ஊட்டியே குஞ்சை வளர்த்துவிடும், பூச்சிக்கு அலைய வேண்டாம். புறா எச்சத்தூளைச் சுவாசித்து நுரையீரல் கெடுகிறது என்ற வழக்கில்தான் 2025-இல் மும்பை தாதர் புறாக்கூடத்தைத் தார்ப்பாய் போட்டு மூட நேர்ந்தது. இரவில் வேறு விருந்தாளிகள்: சிந்திய தானியத்துக்கு எலி, எலிக்குப் பாம்பு.

மேலைநாட்டு வேட்டைத் தோட்டங்களில் கௌதாரி, ஃபெசன்ட் வகைகளுக்குப் பீப்பாயில் கோதுமை வைப்பார்கள். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைப் பேச்சே இல்லை. ஆனால் காட்டோரத்தில் மயிலுக்கும் மானுக்கும் இரக்கப்பட்டு ராகி கொட்டுவது வேறு வகை வம்பு. தானியத்தை மட்டுமீறித் தின்ற மாடு வயிறு புளித்துச் சாவதைக் கறவை வைத்திருப்பவர்கள் அறிவார்கள். மானும் அசைபோடும் பிராணிதான். மிச்சத்துக்குக் காட்டுப்பன்றி வரும். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் இறங்குகிற ஓசூர் வனக்கோட்டத்தில், தோட்டத்து வாசலில் தானியம் குவிப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

வைத்தே தீருவேன் என்பவர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவேளையில் தின்று தீரும் அளவுக்கு ஒரு பிடி மட்டும், காய்ந்த தரையில், நாளுக்கொரு இடமாக இறைக்கலாம். உப்பிய இறகோடு ஒரே இடத்தில் ஒடுங்கி நிற்கும் பறவையைக் கண்டால் சில வாரங்களுக்கு அதையும் நிறுத்த வேண்டும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்க்க வேண்டும். ட்ரைக்கோமோனாஸ் கிருமி தானியத்தைவிடத் தண்ணீரில் நன்றாகப் பிழைக்கும்.