வரைபடம் தோன்றாதபோது

நுழையும்முன்

அடுக்கிவைத்த நூறு எண்கள் உணர்த்தாத உண்மையை ஒரு கோட்டுப்படம் நொடியில் உணர்த்திவிடும். அப்படத்தை வரையும் கணினி நூலகம் இயங்க மறுத்தால் என் செய்வது? பிழையின் மூலத்தைத் தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாலாற்றங்கரையின் எண்கள்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர்பெற்றவை. அத்தொழிலே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். தோல் அழுகாதிருக்க உப்பிட்டுப் பதப்படுத்துவர். பின்னர்க் கழுவும்போது அவ்வுப்பு நீரில் கரைந்து வெளியேறும். அந்நீர் உரியவாறு தூய்மை செய்யப்படாமல் நிலத்தில் கலந்தால் கிணறுகள் உவர்ப்பாகும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28.08.1996 அன்று தீர்ப்பளித்தது. இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற்போனதை அத்தீர்ப்பு சுட்டுகிறது. அளந்து வைத்த எண்களே அங்குச் சான்றாயின.

ஆம்பூர் மாணவி ஒருத்தி தன் தெருக்கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை மாதந்தோறும் குறித்துவைத்ததாகக் கொள்வோம். குடிநீரில் கரைந்த திண்மங்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிடில் 2000 மில்லிகிராம்வரை இசைவுண்டு என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். இவ்விரு எல்லைக்கோடுகளுக்கிடையே தன் கிணற்றின் கோடு எங்கே ஓடுகிறது என ஊர்க்கூட்டத்தில் காட்ட அவள் விரும்புகிறாள். அதற்குப் பைதான் மொழியின் மேட்பிளாட்லிப் நூலகத்தை நாடுகிறாள்.

நிறுவலில் நேரும் பிழை

நோயையும் அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து தேட வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அது கணினிக்கும் பொருந்தும். நூலகத்தை நிறுவிய பின்னும் ‘அது காணப்படவில்லை’ என்னும் செய்தி வரலாம். ஒரே கணினியில் இரண்டு பைதான் பதிப்புகள் இருப்பது இதற்குப் பெரும்பான்மையான காரணம்; நூலகம் ஒன்றில் நிறுவப்பட, நிரல் மற்றொன்றில் இயங்கும். நிரலை இயக்கும் பைதானின் வழியாகவே ‘பிப்’ கட்டளையை அழைத்து நிறுவினால் இக்குறை நீங்கும். மற்றொன்றும் உண்டு. நாம் எழுதிய கோப்புக்கே மேட்பிளாட்லிப் எனப் பெயரிட்டால், பைதான் உண்மை நூலகத்தை விட்டு அக்கோப்பையே திறக்கும். பெயரை மாற்றுவதே தீர்வு.

படம் காட்சிக்கு வராமை

பிழைச்செய்தி இன்றியே படம் தோன்றாமற்போவதும் உண்டு. நிரலின் இறுதியில் ‘ஷோ’ கட்டளை உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அது இருந்தும் சாளரம் திறக்காவிடில், காட்சியைத் திரைக்குக் கொணரும் பின்னணிக் கருவியை ஆராய வேண்டும். ‘அக்’ என்னும் பின்னணி படத்தைக் கோப்பாக மட்டுமே எழுதும், சாளரம் திறக்காது. உபுண்டு லினக்ஸில் ‘டிகின்டர்’ தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். சேமித்த படம் வெறுமையாக இருந்தால், காட்டிய பின் சேமித்தோமா என நோக்குக. சாளரத்தை மூடியதும் படம் நீங்கிவிடும் என்பதால், முதலில் சேமித்துப் பின்னர்க் காட்டுவதே முறை.

தமிழ் எழுத்துகள் கட்டங்களாதல்

அச்சுகளுக்குத் தமிழில் பெயரிட்டால் எழுத்துகளுக்கு மாற்றாகக் கட்டங்கள் தோன்றும். நூலகத்தின் இயல்பான எழுத்துருவாகிய ‘டெஜாவு சான்ஸ்’ தமிழ் வடிவங்களைக் கொண்டிராததே காரணம். ‘நிர்மலா’, ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற எழுத்துருவைக் குறிப்பிட வேண்டும். அதன் பின்னும் பல பதிப்புகளில் கெ, கொ போன்றவற்றின் கொம்பு, மெய்யின் முன் நில்லாமல் பின்னே சென்றுவிடும். எழுத்துகளை இணைத்துக் காட்டும் திறன் அப்பதிப்புகளில் இல்லாமையே காரணம். ஆகவே படத்தைப் பொதுவில் வைக்குமுன் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் பார்த்தல் வேண்டும். தன் ஊர் நீரின் நிலையைத் தன் மொழியில் படிப்பது மக்களின் உரிமையன்றோ!

தெரிந்து தெளிவோம்

மேட்பிளாட்லிப்பை உருவாக்கியவர் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹன்டர். கால்-கை வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைக் காணும் தேவையிலிருந்து பிறந்த இந்நூலகம் 2003இல் வெளியானது. இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் நீர்நிலை ஒன்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளந்து கோட்டுப்படம் வரைக.
2. நீங்கள் எதிர்கொண்ட கணினிப் பிழை ஒன்றை அறிகுறி, காரணம், தீர்வு என வகுத்து எழுதுக.