உங்களுக்குத் தெரியுமா? கை சும்மா இருந்தாலும் ஆபத்துதான்!

"ப்ளூடூத்தில்தானே பேசுகிறேன், கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது" என்பவரா நீங்கள்? கனடாவின் டொரண்டோவில் விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்பு விவரங்களை ரெடல்மையர், திப்ஷிரானி என்ற ஆய்வாளர்கள் அலசினார்கள். 1997இல் வெளியான முடிவு: போன் பேசும்போது விபத்து அபாயம் சுமார் 4 மடங்கு. போனைக் கையில் பிடிக்காமல் பேசியதால் அபாயம் குறைந்ததாகவும் தெரியவில்லை! பேச்சில் மூழ்கிய மனம் கண்ணெதிரே நிற்கும் ஆளைக்கூடக் கவனிக்காமல் விட்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நெரிசலைப் பார்த்ததும் பெரும்பாலும் பேச்சை நிறுத்திவிடுவார். மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாதே! மெசேஜ் படிப்பது இன்னும் மோசம். 60 கி.மீ. வேகத்தில் 3 விநாடி திரையைப் பார்த்தால், அதற்குள் வண்டி 50 மீட்டர் ஓடியிருக்கும்.