வலையமைப்பின் கடிவாளம் யார் கையில்?

கைப்பேசியில் ஒரு காணொளியைத் தொட்டதும் அதன் தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து பல ரூட்டர்களைக் கடந்து வருகிறது. ஒவ்வொரு ரூட்டருக்கும் இரண்டு வேலை: பொட்டலம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவெடுப்பது, அந்தப் பக்கம் அனுப்பிவைப்பது. இரண்டும் நெடுங்காலம் ஒரே பெட்டிக்குள் இருந்தன. பக்கத்து ரூட்டர்கள் தரும் தகவலை வைத்து ஒவ்வொன்றும் தானே வழி தேடியது. ஓர் இணைப்பு அறுந்தாலும் மாற்றுவழி கிடைத்தது. ஆனால் மொத்த நெரிசலையும் பார்த்துச் சுமையைப் பகிர்ந்தளிக்க எதுவும் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக் மெக்கியோன், மார்ட்டின் கசாடோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்த இரு வேலைகளையும் பிரிக்கும் வழியைக் காட்டினார்கள். முடிவெடுப்பது ஒரு மையமான மென்பொருள். அதன் கட்டளைப்படி பொட்டலங்களை அனுப்புவது மட்டுமே பெட்டியின் வேலை. இரண்டும் பேசிக்கொள்வதற்கான ஓப்பன்ஃப்ளோ விதிமுறை 2008-இல் வெளியானது.

இதன் பலனைத் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 வலையமைப்பு பற்றி 2013-இல் கூகுள் வெளியிட்ட கட்டுரை காட்டியது. நெரிசலுக்கும் பழுதுக்கும் இடம் விட்டு, இத்தகைய நெடுந்தூர இணைப்புகளைச் சராசரியாக 30 முதல் 40 சதவீதம் வரைதான் பயன்படுத்துவது வழக்கம். பி4-இலோ பல இணைப்புகள் ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் ஓடின. காத்திருக்கக்கூடிய தரவு எது, அவசரமானது எது என்று மையத்துக்குத் தெரிந்ததே காரணம். ஒரே 5ஜி வலையமைப்பைத் தொழிற்சாலைக்கு ஒன்று, பொதுமக்களுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கூறுகளாக நடத்துவதற்கும் இதே எண்ணம்தான் அடிப்படை.

ஆனால் ஓரிடத்தில் தரும் கட்டளை எல்லா இடத்துக்கும் பாயும்போது, தவறும் அதே வேகத்தில் பாயும். கட்டளை செல்ல வேண்டிய வழியே அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் கனடா 2022 ஜூலை 8 அன்று பார்த்தது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸ் தன் மைய வலையமைப்பை மேம்படுத்தும்போது சில ரூட்டர்களிலிருந்து ஒரு வடிகட்டி விதி நீக்கப்பட்டது. வழித்தகவல் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரூட்டர்களை முடக்கியது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேவை இழந்தார்கள். பலரால் 911 அவசர எண்ணைக்கூட அழைக்க முடியவில்லை. பழுதைச் சரிசெய்ய ரூட்டர்களை எட்டும் மேலாண்மை வலையமைப்பும் அதே மைய வலையமைப்பை நம்பியிருந்ததால் அதுவும் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஏறத்தாழ 14 மணி நேரம் ஆனது.

ஆகவே நாளைய வலையமைப்புக்கு அறிவுள்ள மையம் மட்டும் போதாது. கட்டளைக்கென்று தனிப் பாதை வேண்டும். மாற்றங்களை முதலில் ஒரு சிறு பகுதியில் செய்து பார்க்க வேண்டும். பிழை தெரிந்தால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்ப வேண்டும். ஆம்புலன்ஸை அழைப்பவரின் உயிர் இந்த இணைப்பை நம்பியிருக்கிறது. எனவே இவற்றை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல், தொலைத்தொடர்பு உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்க வேண்டும்.