கம்ப்யூட்டர் திரையும் நம் இனிஷியலும்

"ஆப்னார் டைட்டில் கீ?" கொல்கத்தாவுக்குக் குடிவந்த நம்மவர் எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. வங்காளத்தில் 'டைட்டில்' என்றால் குடும்பப் பெயர். முகர்ஜி, போஸ், தாஸ் என்று அவர்களுக்கு ஒன்று உண்டு. நமக்கோ தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான். கேட்பவர் மனிதரானால் சிரித்துக்கொண்டே விளக்கிவிடலாம். கம்ப்யூட்டர் திரை கேட்டால் என்ன செய்வது? அத்தகைய திரைகளை வடிவமைப்பதே பல வருடம் என் பிழைப்பாக இருந்தது. ஆகவே அதைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் மேஜை மேல் இருந்தது வெறும் டெர்மினல். அதாவது ஒரு திரையும் கீபோர்டும். கம்ப்யூட்டர் வேறு அறையில் ஏ.சி.யில் சுகமாக இருக்கும். திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். இந்த 80 என்பது, ஐ.பி.எம். நிறுவனம் 1928இல் கொண்டுவந்த துளையட்டையின் 80 பத்திகளிலிருந்து வந்த வழக்கம். அட்டை போயிற்று, எண் போகவில்லை. ஆக, மொத்தம் 1,920 எழுத்துகளுக்குள் கேள்வி, பதில், பிழைச் செய்தி எல்லாம் அடங்க வேண்டும். பெயருக்கு இடம் கூட்டினால் முகவரிக்குக் குறையும். ஒண்டுக்குடித்தனம் போலத்தான்!

திரைப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. 'பெயர்', 'வயது' என்ற கேள்விகள் பூட்டிய பகுதி. அவற்றை யாரும் அழிக்க முடியாது. பதில் எழுதும் கட்டங்கள் திறந்த பகுதி. டேப் கீயைத் தட்டினால் கர்சர் கட்டத்துக்குக் கட்டம் தாவும்.

இதில் நாங்கள் கற்ற பாடங்கள் சில. காகிதத்தில் உள்ள வரிசையே திரையிலும் இருக்க வேண்டும். ஏனெனில் ஆபரேட்டரின் கண் காகிதத்தில் இருக்கும், விரல் கீபோர்டில் இருக்கும். திரையை அவர் எப்போதாவதுதான் பார்ப்பார். தப்பு நேர்ந்தால் 'தவறு' என்று மட்டும் சொல்லக் கூடாது. 'வேலைக்குச் சேர்ந்த தேதி பிறந்த தேதிக்கு முன் உள்ளது, சரிபார்க்கவும்' என்று சொல்ல வேண்டும். வயது 254 என்று அடித்தால் அங்கேயே தடுக்க வேண்டும். ஆனால் நடக்கவே முடியாததை மட்டும்தான் தடுக்கலாம். நாம் பார்த்திராததையெல்லாம் தடுக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பாடத்தை நான் கற்ற விதம் சற்று வேதனையானது.

ஒரு நிறுவனத்தின் ஊழியர் வைப்புநிதிக் கணக்குக்காக ஒரு திரை அமைத்தேன். மாதிரிக்கு எடுத்த இருபது தாள்களிலும் குடும்பப் பெயர் இருந்தது. அதனால் அந்தக் கட்டத்தைக் 'காலியாக விடக் கூடாது' என்று விதித்துவிட்டேன். நானே இனிஷியல்காரன், அது எனக்குத் தோன்றவில்லை! ஆபரேட்டர்கள் என்ன செய்வார்கள், பாவம்? கட்டத்தை நிரப்பாவிட்டால் திரை நகராது. நம்மவர் தாள் வந்தால் ஒருவர் தகப்பனார் பெயரைப் போட்டார், ஒருவர் ஊர்ப் பெயரைப் போட்டார், இன்னொருவர் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார்.

சில வருடங்கள் கழித்து நம்மவர் ஒருவர் காலமானார். சம்பளப் பட்டியலில் ஒரு பெயர், வைப்புநிதியில் வேறு பெயர், இறப்புச் சான்றிதழில் மற்றொன்று. மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அவர் மனைவி பதினான்கு மாதம் அலைந்தார். கோர்ட்டில் அஃபிடவிட் வேறு. "அவர் பேர் எனக்குத் தெரியும், தம்பி. அந்த மெஷினுக்குத் தெரியலைன்னா நான் எங்கே போவேன்?" என்று என்னிடம் கேட்டார். அந்த விதியை எழுதியவன் நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதை நீக்க ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

ரயில்வேயைப் பாருங்கள். முன்பதிவுத் தாளில் பெயருக்கு ஒரே கட்டம், டைட்டில் கேட்பதில்லை. பதினைந்து எழுத்துக்குள் என்பதுதான் நிபந்தனை. வெங்கடசுப்பிரமணியன் ஆங்கிலத்தில் 18 எழுத்து; கடைசி மூன்றும் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடும். ஆனாலும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் அவருக்குப் பெர்த் உண்டு. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனபோதும் சென்ட்ரல் நிலையத்தின் குறியீடு எம்.ஏ.எஸ். என்றே நீடித்தது. வெளியே பெயர் மாறலாம், உள்ளே அடையாளம் மாறாது. நல்ல வடிவமைப்பு என்பது அதுதான்.

எல்லா இடமும் அப்படியில்லை. பான் கார்டுக்கான 49ஏ படிவத்தில் இனிஷியல் கூடாது என்றே அச்சிட்டிருந்தார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது.

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழிலேயே இனிஷியலை விரித்து எழுதுங்கள். அதே எழுத்துக்கூட்டல் பள்ளி, வங்கி, பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இருக்கட்டும். சால்ட் லேக் செக்டர் ஐந்தில் சாஃப்ட்வேர் எழுதும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கும் முன் உங்கள் பாட்டியின் பெயரை அதில் அடித்துப் பாருங்கள். அது ஏறவில்லையென்றால், மாற்ற வேண்டியது பாட்டியின் பெயரை அல்ல.