பலகை போனாலும் எண் இருக்கும்

பழைய லேத் மெஷின் ஒன்று விலைக்கு வருகிறது. பெயர்ப்பலகையைக் காணோம். மேலே அடுக்கடுக்காகப் பெயிண்ட். அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், நேயர்களே?

அமெரிக்காவின் சவுத் பெண்ட் லேத் என்றால் ரொம்பத் தேட வேண்டாம். இண்டியானா மாநிலத்தில், அதே பெயருள்ள ஊரில், 1906-ஆம் ஆண்டு இரட்டைச் சகோதரர்கள் இருவர் தொடங்கிய கம்பெனி அது. பலகை கழன்று போகலாம், மெஷினின் அடித்தளமான பெட் எங்கே போகும்? அந்த வார்ப்பிரும்பு பெட்டின் மேலேயே, வலது கோடியில் வரிசை எண்ணை அடித்துவிட்டார்கள். வேலைப் பொருளின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைக் கொஞ்சம் நகர்த்துங்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அந்தப் பழைய எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். எண் தெரியும். அதை வைத்து எந்தக் காலத்து மெஷின் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் கம்பெனி ஒரு அட்டை எழுதி வைத்திருந்தது; எப்போது, யாருக்கு அனுப்பினார்கள் என்பதுகூட அதில் இருக்கும்!

ஆனால் வயதைப் பார்த்து மட்டும் காசைக் கொடுத்துவிடாதீர்கள். பெட் அதிகம் தேய்வது வேலைப் பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் பக்கத்தில்தான், பெரும்பாலான வேலை அங்கேதானே நடக்கிறது! டூலைச் சுமக்கும் கேரியேஜை அங்கிருந்து வலது கோடி வரை கையால் ஓட்டிப் பாருங்கள். போகப் போக இறுகினால், பெட் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. விலையைக் குறைத்துக் கேளுங்கள்.